சாரணர் குழு: சேர்ந்தா? தனித்தா?

(மூன்றாம் ஆண்டு மின்னியல் துறை மாணவி)



ஆண்டு மலர் என்றால் நிலாவுக்கு ஒரு கவிதை, நட்புக்கு ஒரு கவிதை, நாலு அறிவியல் துணுக்கு, கொஞ்சம் கடி ஜோக் என்று வரும். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கமாவது நாம் வாக்குவாதம் செய்கிற பக்கமாக இருக்கட்டுமே என்று மலர்க் குழுவிடம் கேட்டு வாங்கிய இடம் இது. கேன்டீனில் டீ ஆறிப்போகும் வரை நடந்து, மணி அடித்ததால் பாதியில் நின்ற ஒரு சண்டையை இங்கே தொடர்கிறேன்.

சண்டை இதுதான். நம் கல்லூரியில் திரி சாரணர் குழு இருக்கிறது. ரோவர் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். இருபத்திரண்டு பேர், எல்லாரும் பையன்கள். பெண்களுக்கான திரி சாரணியர் குழு, அதாவது ரேஞ்சர் குழு, கிடையாது. ஏன் என்று கேட்டால், "பொண்ணுங்க எண்ணிக்கை போதாது, பொறுப்பெடுக்க மேடமும் இல்ல" என்பது பதில். சரி, இருக்கிற ரோவர் குழுவிலேயே எங்களையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், "அது வேற, இது வேறம்மா" என்கிறார்கள்.

அன்றைக்கு கேன்டீனில் ஒரு நண்பர் சொன்னார்: "இந்தக் காலத்துல என்னத்துக்குத் தனித்தனி? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா பிரச்சினை தீர்ந்துது." உடனே பக்கத்தில் இருந்த தோழி, "ஐயோ, ஒண்ணாப் போட்டா எங்க வீட்ல விடவே மாட்டாங்க" என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இது கட்டுரை எழுதும் அளவுக்குச் சிக்கல்!

கூரை ஒன்று, அறை இரண்டு

முதலில் கொஞ்சம் வரலாறு. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது பையன்களோடு பேடன் பவல் நடத்திய முகாம்தான் தொடக்கம். பெண்கள் அவர் கணக்கிலேயே இல்லை. ஆனால் 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, யாரும் கூப்பிடாமலே சில சிறுமிகள் சாரணர் தொப்பியோடு வந்து, நாங்களும் சாரணர்கள்தான் என்று நின்றார்கள். திருப்பி அனுப்பவும் முடியவில்லை, சேர்த்துக்கொள்ளவும் மனமில்லை. அதனால் 1910-இல் பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பொறுப்பில் 'கேர்ள் கைட்ஸ்' என்று தனி இயக்கம் தொடங்கியது. பையன்களின் அணிகளுக்கு ஓநாய், காளை என்று பெயர். பெண்களின் அணிகளுக்குப் பூக்களின் பெயர்! இன்றைக்கும் நம் ஊர்ப் பள்ளிகளில் அந்த வாடை போகவில்லை. பையன்கள் புலி அணி, சிறுத்தை அணி. நாங்கள் ரோஜா, தாமரை, மல்லிகை.

இந்தியாவுக்கு இது 1909-இல் பெங்களூரில் வந்தது. பெண்களுக்கு 1911-இல் ஜபல்பூரில். ஆனால் அப்போது இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான். நம் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தியிருந்தது. அதனால்தான் முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். கவனியுங்கள், தனிக் குழு எப்போது பிறக்கிறது? ஒருவரை வாசலில் நிறுத்தும்போது பிறக்கிறது. அன்றைக்கு இந்தியர் என்பதால் நிறுத்தினார்கள். பிரவுன்சீயிலிருந்து பார்த்தால், பெண் என்பதால் நிறுத்தினார்கள்.

விடுதலைக்குப் பிறகு நாம் ஒரு நல்ல காரியம் செய்தோம். 1950 நவம்பர் 7-இல் பையன்களின் சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. 1951 ஆகஸ்டு 15-இல் பெண்களின் சங்கமும் வந்து சேர்ந்தது. பல நாடுகளில் ஆணுக்கு ஒரு சங்கம், பெண்ணுக்கு ஒரு சங்கம் என்று இருக்க, இங்கே பாரத சாரண சாரணியர் இயக்கம் என்று ஒரே வீடு. ஒரே உறுதிமொழி, ஒரே 9 சட்டங்கள். இந்த ஒரே வீட்டுக்கு 1964 முதல் 1983 வரை தேசிய ஆணையராக இருந்தவர் லட்சுமி மஜும்தார் என்கிற பெண்மணி. பையன்களுக்கும் சேர்த்துத்தான் அவர் தலைமை. வீடு இரண்டாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆனால் கூரை ஒன்றானாலும் உள்ளே அறை இரண்டு. சின்னப் பையன்கள் குருளையர், சின்னப் பெண்கள் நீலப் பறவையர். அடுத்து சாரணர், சாரணியர். நம் வயதில் திரி சாரணர், திரி சாரணியர். இந்த இரண்டு அறைதான் நம் சண்டை.

தனியாக இருந்ததால் கிடைத்தது

நான் ஆறாவது முதல் பத்தாவது வரை பெண்கள் பள்ளியில் சாரணி. அப்பாவும் அம்மாவும் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் முகாமுக்கு அனுமதிக் கடிதத்தை நீட்டியபோது அப்பா இரண்டே கேள்விதான் கேட்டார். "பொம்பளப் பசங்க மட்டும்தானே?" "டீச்சரம்மா ராத்திரியும் கூடவே இருப்பாங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டார். முதல் கேள்விக்கு இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தக் கடிதம் தறிமேடையிலேயே கிடந்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடு என்கிற நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். சேர்ந்த குழு மட்டும்தான் என்று சட்டம் போட்டால், முதலில் வெளியே நிற்பது எங்கள் தெருப் பெண்கள்தான்.

அனுமதி மட்டுமா? முகாமில் கூடார முளை அடிக்க, கம்பம் தூக்க, மூங்கிலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி மேடை போட, பையன்கள் யாருமில்லை. அதனால் எல்லாவற்றையும் நாங்களே செய்தோம். அணித் தலைவி ஒரு பெண், பொருளாளர் ஒரு பெண், கத்திக்கொண்டு அணிவகுப்பு நடத்துவது ஒரு பெண். பங்குனி உத்திரத்துக்குப் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொள்ள எங்களை மட்டும் அனுப்பினார்கள். கயிறு பிடித்தோம், காணாமல் போன குழந்தையைத் தேடினோம், மயங்கி விழுந்த பாட்டியைத் தூக்கினோம்.

அடுத்து வைகாசி கருட சேவை. அதற்குப் பையன்கள் பள்ளியும் நாங்களும் சேர்ந்து போனோம். போன ஐந்தாவது நிமிடம் வேலை பிரிந்துவிட்டது. கயிறு பையன்கள் கையில், தண்ணீர்க் குடம் எங்கள் இடுப்பில்! யாரும் உத்தரவு போடவில்லை. "நீங்க தண்ணி குடுங்க, கூட்டத்த நாங்க பாத்துக்கறோம்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்புதான் ஆபத்து. அதே நாங்கள்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே ஊரில் கயிறு பிடித்தவர்கள்.

தனியாக இருந்ததால் இழந்தது

அதற்காகத் தனிக் குழுதான் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். பையன்கள் பள்ளியில் நடைப்பயணம் என்றால் பாலாற்றங்கரை வரை போய், சமைத்துச் சாப்பிட்டு, இருட்டிய பிறகு திரும்புவார்கள். எங்களுக்கு நடைப்பயணம் என்றால் பள்ளி மைதானத்தை நாலு சுற்று! திசைகாட்டியை வைத்து வடக்கு எது என்று கண்டுபிடித்தால் அங்கே சத்துணவுக் கூடம் இருக்கும். பாடத்திட்டம் ஒன்று, பட்டைகள் ஒன்று, சட்டங்கள் ஒன்று. மைதானம் மட்டும் வேறு. "பொண்ணுங்களுக்கு இது போதும்" என்கிற எண்ணம் தனி அறையில்தான் சுலபமாக ஒளிந்துகொள்கிறது. பக்கத்தில் பையன்கள் இருந்திருந்தால் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டிருப்போம்.

தறி சொல்லும் பாடம்

சேர்ந்து இருந்தாலே சமம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களைக் கோர்வைத் தறி இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் அழைக்கிறேன். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருக்கிறதல்லவா? உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது மனைவி, இல்லாவிட்டால் பிள்ளை. எங்கள் வீட்டில் அம்மா. உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒவ்வொரு முறையும் ஒன்றை ஒன்று கோத்து வாங்கினால்தான் கரை பிரியாமல் நிற்கும்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை நண்பர்களே! தலைமுறை தலைமுறையாக ஒரே தறிக் குழியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தார் சுற்றுவது அம்மா, பாவு பிணைக்க ஓடுவது அம்மா, கரை நாடா தள்ளுவது அம்மா. ஆனால் எங்கள் வீட்டுக் கூலிப் புத்தகத்தில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கிறது. "உங்க வீட்ல யார் நெசவாளர்?" என்று கேட்டால் அம்மாவே அப்பாவைத்தான் காட்டுகிறாள்.

ஆக, சேர்ந்திருப்பது வேறு, கணக்கில் இருப்பது வேறு. சேர்ந்தா தனித்தா என்பதைவிடப் பெரிய கேள்வி இதுதான்: பொறுப்பு யார் கையில், பெயர் யார் பெயரில்?

மற்ற நாடுகளில்

இதே சண்டையை உலகம் முழுவதும் போட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் சாரணர் சங்கம் 1976-இல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. முதலில் எந்த வயதுக்குத் திறந்தார்கள் தெரியுமா? பதினாறு வயதுக்கு மேற்பட்ட வென்ச்சர் சாரணர் பிரிவுக்கு. அதாவது நம் வயதுக்கு! 1991-இல் மற்ற வயதுப் பிரிவுகளுக்கும் விருப்பம் இருந்தால் சேர்க்கலாம் என்றார்கள். 2007-இல் எல்லாக் குழுக்களும் சேர்த்தே ஆக வேண்டும் என்றார்கள். படிப்படியாக, முப்பது ஆண்டுகள். அதே பிரிட்டனில் கேர்ள் கைட்ஸ் வழி வந்த 'கேர்ள்கைடிங்' அமைப்பு பெண்களுக்கு மட்டும் என்றே தொடர்கிறது. ஆக, அங்கே ஒரு பெண்ணுக்கு இரண்டு வாசல். எது வேண்டுமோ அதில் போகலாம்.

அமெரிக்காவில் பாய் ஸ்கவுட்ஸ் 2018-இல் சின்ன வயதுப் பிரிவிலும், 2019 பிப்ரவரியில் மேல் வயதுப் பிரிவிலும் பெண்களைச் சேர்த்தது. மேல் வயதில் பெண்களுக்குத் தனிப் படை, ஆனால் அதே பாடம், அதே தேர்வு, அதே விருது. 2021-இல் ஏறத்தாழ ஆயிரம் பெண்கள் அவர்களின் மிக உயர்ந்த ஈகிள் விருதை முதல் அணியாகப் பெற்றார்கள். 2025 பிப்ரவரியில் அந்த அமைப்பு 'பாய்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1912 முதல் அங்கே பெண்களுக்காகவே இருக்கும் கேர்ள் ஸ்கவுட்ஸ் அமைப்போ இதை எதிர்த்து வழக்கே போட்டது. 2022-இல் வழக்கு தள்ளுபடி ஆனது. பெண்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று அவர்கள் வாதாடுவது எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் அந்த மாதிரி இடத்தில்தான் வளர்ந்தேன்.

நம் கல்லூரிக்கு வருவோம்

இங்கே என்ன நடக்கிறது? விதி தனிக் குழு என்கிறது. எண்ணிக்கை தனிக் குழுவுக்குப் போதாது என்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் விடை பூஜ்ஜியம். பெண்களைப் பாதுகாக்க வந்த தனி அறை, பாலிடெக்னிக் மாதிரிப் பெண்கள் குறைவாக இருக்கும் இடத்தில் அறையே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆண்டு விழாவில் பாரதியின் புதுமைப் பெண் வேடத்துக்கு ஆள் பிடிக்க வகுப்பு வகுப்பாக வருகிறார்கள். ரேஞ்சர் குழுவுக்கு மட்டும் ஆள் போதாதாம்!

"போகட்டும், ஸ்கவுட் இல்லேன்னா என்ன குறைஞ்சிடும்?" என்று கேட்கலாம். குறையும். ரயில்வேயில் ஸ்கவுட்ஸ் அண்டு கைட்ஸ் ஒதுக்கீடு என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதற்குக் குடியரசுத் தலைவர் விருது போன்ற உயர்ந்த தகுதிகள் கேட்கிறார்கள். அதோடு தொடர்ந்து இயக்கத்தில் செயல்பட்டிருக்கவும் வேண்டும். ஒரு பையன் பள்ளியில் சாரணர், இங்கே ரோவர் என்று அறுபடாமல் போகலாம். பள்ளியில் சாரணியாக இருந்த பெண்ணுக்கு இங்கே வந்ததும் இழை அறுந்துவிடுகிறது. டிப்ளமோ முடித்து வேலை தேடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் என்பது சின்ன விஷயமா?

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது. என் பள்ளியில் எனக்குப் பின்னால் படித்த தங்கைகள் போய் வந்தார்கள். பல மாநிலத்துப் பிள்ளைகளோடு ஸ்கார்ஃப் மாற்றிக்கொண்ட கதையை மூச்சுவிடாமல் சொன்னார்கள். "அக்கா, நீங்க ஏன் வரல?" என்றார்கள். எந்தக் குழுவின் பெயரில் போவது?

இன்னொரு எதிர்ப்பும் வரும் என்று தெரியும். "ஒண்ணாப் போட்டா காதல் கீதல்னு பிரச்சினை வரும்." லேபில் ஒரே மேஜையில் மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கிறோம். புராஜெக்ட் ஒரே பேட்ச்சில் செய்கிறோம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் மண் சுமக்கிறோம். பதினெட்டு வயதில் ஓட்டுச் சாவடியில் ஒரே பெட்டியின் பொத்தானை அழுத்துகிறோம். அங்கெல்லாம் நம்புகிறவர்கள் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டினால் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்? அதே நேரம், பெண்ணைப் பெற்றவர்களின் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்குப் பதில் கதவைச் சாத்துவதல்ல. தனிக் கூடாரம், உடன் வரும் ஆசிரியை, குறை சொன்னால் காது கொடுத்துக் கேட்கும் ஓர் ஆள், இவைதான் பதில்.

என் கருத்து

பள்ளி வயதில் தனிக் குழுக்கள் இருக்கட்டும். அவைதான் எங்களை வீட்டுப் படி தாண்ட வைத்தன, கம்பம் தூக்க வைத்தன. ஆனால் நம் மின்னியல் பாஷையில் சொன்னால் அது பக்க இணைப்பாக இருக்க வேண்டும். கிளை தனி, மின்னழுத்தம் ஒன்று. பையன்களுக்குப் பாலாற்றங்கரை என்றால் பெண்களுக்கும் பாலாற்றங்கரை.

நம் வயதில், பதினாறுக்கு மேல், சேர்ந்த குழுவுக்கு வழி திறக்க வேண்டும். குறிப்பாகப் பெண்கள் குறைவாக இருக்கும் பாலிடெக்னிக்குகளில். உள்ளே பெண்கள் தனி அணியாக இருக்க விரும்பினால் இருக்கட்டும். உடல் தனி, கரை தனி, புடவை ஒன்று என்பது நம் ஊருக்குத் தெரியாத வித்தையா?

சேர்ந்த குழுவில் வேலை தானாகப் பிரியக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் பிரிய வேண்டும். இன்றைக்குச் சமையல் சீட்டு பையனுக்கு வந்தால் அவன் வெங்காயம் உரிக்கட்டும், கயிற்றுச் சீட்டு பெண்ணுக்கு வந்தால் அவள் கூட்டத்தை நிறுத்தட்டும். தலைமை ஓர் ஆண்டு பையன், ஓர் ஆண்டு பெண் என்று எழுத்தில் இருக்கட்டும். எழுதி வைக்காத சமத்துவம் தண்ணீர்க் குடத்தில்தான் போய் முடிகிறது.

விதி மாறும் வரை சும்மா உட்கார வேண்டியதில்லை. கல்லூரி சாராத திறந்த குழுக்களும் இந்த இயக்கத்தில் உண்டு. நம் ஊர்க் கல்லூரிகளின் பெண்கள் சேர்ந்து ஒரு ரேஞ்சர் குழு அமைக்க முடியுமா என்று பேரவை சார்பில் மாவட்டச் சாரணர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். அந்தக் கடிதத்தில் ரோவர் குழுவின் இருபத்திரண்டு அண்ணன்களும் தம்பிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்காகக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், எங்களோடு கயிறு பிடித்தால் போதும்.

எண்ணிக்கை போதாது என்ற பேச்சுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டும் சேர்த்து நாம் நாற்பத்தொரு பெண்கள். போன மாதம் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டதில் பதினேழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பட்டியல் மாணவர் பேரவை அறையில், அறிவிப்புப் பலகைக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன், க்ளோவ் ஹிட்ச் முடிச்சில்.

பதினெட்டாவது பெயர் யாருடையது?